டிஎம்ஆர் என்றொரு யூசர்

உங்க ஓஎஸ் லேப் ரெக்கார்ட் நோட்டைத் தேடி எடுத்து முதல் எக்சர்சைஸைப் புரட்டிப் பாருங்க. பெரும்பாலும் யூனிக்ஸ் கமாண்டுகளாத்தான் இருக்கும். எல்எஸ், சிபி, எம்வி, ஆர்எம், கேட், டபிள்யூசி என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு வரி விளக்கம் போட்டு, கடைசியில் ரிசல்ட் எழுதிக் கையெழுத்து வாங்கியிருப்போம். வைவா முடிஞ்சதும் பாதி மறந்தும் போயிருக்கும்.

ஆனா அந்தப் பட்டியலை இன்னொரு தடவை பாருங்க. ஃபைல்களைப் பட்டியல் போடும் கமாண்டுக்கு ஏன் இரண்டே எழுத்து? ஒரு ஃபைலைக் காப்பி செய்தால், முடிந்தது என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் ஏன் சும்மா அடுத்த வரிக்குப் போகிறது? டிலீட் செய்யும்போது நிச்சயமா என்று ஏன் கேட்பதில்லை?

இதெல்லாம் தானா வந்தது இல்லைங்க. ஐம்பது வருஷத்துக்கு முன்னாடி சில பேர் ஒரு அறையில் உட்கார்ந்து முடிவு செய்தது. அவங்கள்ல ஒருத்தரோட யூசர் நேம் டிஎம்ஆர். முழுப்பெயர் டென்னிஸ் மெக்அலிஸ்டர் ரிட்சி. நமக்கு முதல் வருஷத்துல சி லாங்குவேஜ் புத்தகத்தின் அட்டையில் பார்த்த பெயர். புத்தகத்தைத் தாண்டி அவர் யார், நாம் தினமும் தட்டும் கமாண்டுகளில் அவருடைய கை எங்கே இருக்கிறது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பைண்டிங் செய்யாத தீசிஸ்

ரிட்சி பிறந்தது 1941 செப்டம்பர் 9, அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் பிராங்க்ஸ்வில் என்ற ஊரில். அப்பா அலிஸ்டர் ரிட்சி பெல் லேப்ஸில் வேலை பார்த்தவர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளில் பயன்படும் ஸ்விட்சிங் சர்க்யூட்டுகள் பற்றிய ஒரு பாடப்புத்தகத்தை எழுதியவர்களில் ஒருவர். அதனால் மகனுக்கு பெல் லேப்ஸ் என்பது சின்ன வயசிலிருந்தே கேட்டுப் பழகிய பெயர்.

ஹார்வர்டில் இயற்பியல் படித்தார். அங்கே படிக்கும்போது யுனிவாக் 1 என்ற கம்ப்யூட்டர் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு லெக்சர் நடந்தது. அதைக் கேட்டதும் ஆர்வம் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பியது. பிறகு ஹார்வர்டிலேயே பயன்பாட்டுக் கணிதத்தில் ஆராய்ச்சிப் படிப்பு. 1968இல் தீசிஸையும் எழுதி முடித்தார்.

இங்கதான் ஒரு விஷயம். ஃபைனல் இயர்ல இருக்கிற நமக்கு இது நல்லாப் புரியும். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை பைண்டிங் செய்து கொடுத்தால்தான் வேலை முடிந்த மாதிரி. ரிட்சி அந்தக் கடைசிப் படியைத் தாண்டவே இல்லை. தீசிஸின் பைண்ட் செய்த பிரதியைப் பல்கலைக்கழக நூலகத்தில் ஒப்படைக்கவில்லை. அதனால் டாக்டர் பட்டம் அவருக்கு முறைப்படி வந்து சேரவில்லை. ஆராய்ச்சி முடிந்தது, சான்றிதழ் மட்டும் இல்லை. அதற்கு ஒரு வருஷம் முன்பே, 1967இல், நியூஜெர்சியின் முர்ரே ஹில்லில் இருந்த பெல் லேப்ஸில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

கை நழுவிய கம்ப்யூட்டர்

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டரில் ப்ரோக்ராம் ஓட்டுவது எப்படித் தெரியுமா? அட்டைகளில் ஓட்டை போட்டு, அந்தக் கட்டைக் கொண்டுபோய்க் கவுன்டரில் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ரிசல்ட் சில மணி நேரம் கழித்துக் காகிதத்தில் வரும். ஒரு கமா தப்பாக இருந்தால் மறுபடியும் முதலிலிருந்து.

இதை மாற்ற எம்ஐடி, ஜெனரல் எலக்ட்ரிக், பெல் லேப்ஸ் மூன்றும் சேர்ந்து மல்டிக்ஸ் என்ற பெரிய சிஸ்டத்தை உருவாக்கிக்கொண்டிருந்தன. ஒரே கம்ப்யூட்டரில் பல பேர் ஆளுக்கொரு டெர்மினலில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் வேலை செய்யலாம் என்பது அதன் நோக்கம். ரிட்சியும் அதில் இருந்தார், அவரைவிட வயதில் சின்னவரான கென் தாம்சனும் இருந்தார். ஆனால் திட்டம் நீண்டுகொண்டே போனது, செலவும் ஏறியது. 1969இல் பெல் லேப்ஸ் விலகிக்கொண்டது.

ரிட்சிக்கும் நண்பர்களுக்கும் அது பெரிய இழப்பு. நல்ல மெஷின் போச்சே என்கிற வருத்தம் மட்டும் இல்லை. ஒருத்தர் எழுதியதை இன்னொருத்தர் உடனே எடுத்து ஓட்டிப் பார்ப்பது, பக்கத்து டெர்மினல்காரரோடு சேர்ந்து யோசிப்பது என்று ஒரு கூட்டு வாழ்க்கைக்கு அவர்கள் பழகியிருந்தார்கள். அது இல்லாமல் மறுபடி அட்டைக் கட்டோடு வரிசையில் நிற்க மனசு வரவில்லை. யூனிக்ஸ் பிறந்த கதையை ரிட்சி பின்னாளில் எழுதியபோது, தாங்கள் காப்பாற்ற நினைத்தது இந்தக் கூட்டுறவைத்தான் என்பதை அழுத்திச் சொன்னார்.

நாம டெர்மினல் என்றாலே கறுப்புத் திரைக்கு முன்னாடி ஒருத்தர் தனியா உட்கார்ந்திருக்கிற படத்தைத்தான் நினைக்கிறோம். அது பிறந்த காரணமே நேர் எதிர்.

மூலையில் கிடந்த மெஷின்

புது மெஷின் வாங்கிக் கேட்டுப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. அங்கே அதிகம் பேர் சீண்டாத ஒரு பிடிபி-7 கம்ப்யூட்டர் இருந்தது. 18 பிட் வேர்டுகள், மொத்தம் 8 கே வேர்டு மெமரி. உங்க போன்ல எடுக்கிற ஒரு போட்டோகூட அதில் அடங்காது. தாம்சன் அதில் விண்வெளியில் பயணம் செய்வது போன்ற ஒரு கேமை ஓட்டிப் பார்த்து அந்த மெஷினைப் பழகிக்கொண்டார்.

அதற்கு முன்பே தாம்சன், ரிட்சி, ரட் கனடே மூன்று பேரும் கரும்பலகையிலும் காகிதத்திலும் ஒரு ஃபைல் சிஸ்டத்தை வரைந்து வைத்திருந்தார்கள். 1969 கோடையில் தாம்சனின் மனைவி குழந்தையோடு ஊருக்குப் போயிருந்த சில வாரங்களில் அது உயிர் பெற்றது. கெர்னல், ஷெல், எடிட்டர், அசெம்ப்ளர் என்று ஒவ்வொன்றுக்கும் சுமார் ஒரு வாரம். யூனிக்ஸின் தொடக்கம் இதுதான். அதிலிருந்து தாம்சனும் ரிட்சியும் கிட்டத்தட்ட ஒரே ஆள் மாதிரி வேலை செய்தார்கள்.

அந்த ஃபைல் சிஸ்டத்தில் இருந்த ஒரு யோசனையை இன்றும் நாம் பயன்படுத்துகிறோம். கீபோர்டு, டிஸ்க், டெர்மினல் எல்லாவற்றுக்கும் ஃபைல் மாதிரியே ஒரு பெயர். ஃபைலைத் திறக்கும், படிக்கும், எழுதும் அதே வழியில் கருவிகளையும் திறக்கலாம், படிக்கலாம், எழுதலாம். லினக்ஸில் ரூட்டுக்குக் கீழே டெவ் என்ற டைரக்டரிக்குள் போய்ப் பாருங்க. உங்க ஹார்டு டிஸ்க்கே அங்க ஒரு பெயராக உட்கார்ந்திருக்கும். ஒரு கருவிக்கு ஒரு முறை என்று நூறு முறைகளைக் கற்றுக்கொள்ள வேண்டாம், ஒரே முறை போதும் என்பதுதான் இதன் லாபம்.

ஏன் இரண்டு எழுத்து?

இப்போ முதல் கேள்விக்கு வருவோம். அவர்கள் தட்டிய டெர்மினலில் திரையே கிடையாது. டெலிடைப் மாடல் 33 என்ற மெஷின், தட்டச்சு இயந்திரம் மாதிரி காகிதத்தில் அச்சடிக்கும். வேகம் வினாடிக்கு 10 எழுத்து. விசைகளை அழுத்தவும் பலம் வேண்டும். இந்த நிலைமையில் உட்கார்ந்து யோசிங்க. நீளமான கமாண்ட் என்றால் விரலும் வலிக்கும், நேரமும் போகும். வேலை வெற்றிகரமாக முடிந்தது என்று ஒவ்வொரு தடவையும் ஒரு வரி அச்சானால் காத்திருப்பதே வேலையாகிவிடும். அதனால் பெயர் சின்னது. எல்லாம் சரியாக நடந்தால் பதில் மௌனம், தப்பு நடந்தால் மட்டும் ஒரு வரி.

மௌனத்துக்கு இன்னொரு பயனும் பிறகு கிடைத்தது. ஒரு கமாண்டின் அவுட்புட்டில் வெட்டிப்பேச்சு இல்லாவிட்டால் அதை அப்படியே இன்னொரு கமாண்டுக்குக் கொடுக்கலாம். இதைப் பைப் வரும்போது பார்ப்போம்.

முதல் யூனிக்ஸ் கையேட்டில் உள்ள தேதி 1971 நவம்பர் 3. எழுதியவர்கள் தாம்சனும் ரிட்சியும். அதில் கேட், சிபி, எல்எஸ், எம்கேடிஐஆர், எம்வி, ஆர்எம், சார்ட், டபிள்யூசி, ஹூ எல்லாம் இருக்கின்றன. அதாவது நம்ம ரெக்கார்ட் நோட்டில் பாதி. ஒவ்வொரு பக்கத்திலும் அந்தக் கமாண்டுக்கு யார் பொறுப்பு என்று ஒரு வரி உண்டு. அங்கேதான் கென், டிஎம்ஆர் என்ற யூசர் நேம்கள் வருகின்றன. அதோடு பக்ஸ் என்று ஒரு தலைப்பும் இருந்தது. தாங்கள் எழுதிய கமாண்டில் என்ன குறை என்று தாங்களே எழுதி வைக்கும் இடம். அந்தத் தலைப்பு இன்றைக்கும் பல மேன் பக்கங்களில் இருக்கிறது. இந்தப் பழக்கத்துக்குத் தைரியம் வேணும்ங்க. நம்ம ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் அப்படி ஒரு அத்தியாயம் எழுதுவோமா?

சிடி காணாமல் போன நாள்

எனக்கு இந்த வரலாற்றில் ரொம்பப் பிடித்த சம்பவம் ஒன்று உண்டு. ரிட்சியே பதிவு செய்து வைத்தது.

ஆரம்பத்தில் யூனிக்ஸில் ஒரு கமாண்டை ஓட்ட, ஷெல் தன் இடத்தையே அதற்குக் கொடுத்துவிடும். கமாண்ட் முடிந்ததும் ஷெல் மறுபடி ஏற்றப்படும். பிறகு ஃபோர்க் வந்தது. ஷெல் தன்னைப் போலவே ஒரு குழந்தை ப்ராசஸை உண்டாக்கும், அந்தக் குழந்தை போய்க் கமாண்டை ஓட்டும், ஷெல் காத்திருக்கும். ஓஎஸ் தியரியில் நாம் படிப்பது இதைத்தான். இதைச் சேர்த்ததில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனா அந்த மகிழ்ச்சிக்கு நடுவிலே ஒன்று கவனத்துக்கு வந்தது. டைரக்டரி மாற்றும் கமாண்ட் வேலை செய்யவில்லை. எர்ரரும் இல்லை. கமாண்ட் ஓடுகிறது, ஆனால் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள்.

கோடைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். ஃபோர்க் சேர்த்ததால் இது எப்படிக் கெட்டுப்போகும் என்று குழம்பினார்கள். பிறகு புரிந்தது. டைரக்டரி மாற்றும் கமாண்டும் ஒரு குழந்தை ப்ராசஸாகத்தான் ஓடுகிறது. அது சொன்னபடி தன் டைரக்டரியை மாற்றிக்கொள்கிறது, அடுத்த நொடி முடிந்துபோகிறது. அப்பாவான ஷெல் நின்ற இடத்திலேயே நிற்கிறது. தம்பியைக் கடைக்கு அனுப்பினால் தம்பிதான் கடையில் இருப்பான், நாம் வீட்டில்தான் இருப்போம், அவ்வளவுதான்! தீர்வு, அந்த ஒரு கமாண்டைத் தனி ப்ரோக்ராமாக வைக்காமல் ஷெல்லுக்குள்ளேயே செய்துவிடுவது.

இன்றைக்கும் அப்படித்தான். டெர்மினலில் டைப் என்று தட்டி, இடைவெளி விட்டு சிடி என்று தட்டுங்க. ஷெல்லுக்குள்ளேயே இருப்பது என்று பதில் வரும். அதேபோல சிபிக்குத் தட்டினால் டிஸ்க்கில் அது இருக்கும் பாதையைக் காட்டும். நீங்க பார்க்கும் அந்த வித்தியாசம் அன்றைக்கு அந்த அறையில் பட்ட தவிப்பின் தழும்பு. ஃபோர்க்கைப் பற்றி எத்தனை டயக்ராம் வரைந்தாலும் வராத தெளிவு இந்த ஒரு சம்பவத்தில் எனக்கு வந்தது.

டைப்பிஸ்டுகளுக்காக ஒரு ஓஎஸ்

பெரிய மெஷின் வேண்டும். ஆனால் மல்டிக்ஸில் சூடுபட்ட நிர்வாகத்திடம் போய் இன்னொரு ஓஎஸ் எழுதப்போகிறோம் என்று சொல்ல முடியாது. 1970இல் ஆவணங்களைத் திருத்தவும் அழகாக அச்சிடவும் ஒரு சிஸ்டம் செய்து தருகிறோம் என்று கேட்டார்கள். ஜோ ஒசானா இதை முன்னெடுத்தார். பணம் கிடைத்தது, பிடிபி-11 வந்தது. டிஸ்க் மட்டும் டிசம்பர் வரை வரவில்லை. அதுவரை அந்தப் புது மெஷின், செஸ் குதிரை ஒரு பலகையின் எல்லாக் கட்டங்களையும் சுற்றி வரும் வழிகளை எண்ணிக்கொண்டிருந்ததாம்!

அந்த மெஷினில் 24 கே பைட் மெமரி. அதில் 16 கே சிஸ்டத்துக்கு, மீதி 8 கே யூசருக்கு. டிஸ்க் 512 கே பைட். இதில்தான் பெல் லேப்ஸ் காப்புரிமைத் துறையின் டைப்பிஸ்டுகள் விண்ணப்பங்களை அடித்தார்கள். யூனிக்ஸை நம்பி வேலை செய்த முதல் வெளி ஆட்கள் இன்ஜினியர்கள் இல்லை, அலுவலக டைப்பிஸ்டுகள். கமாண்ட் லைன் என்றால் டெக்னிக்கல் ஆட்களுக்கு மட்டும்தான் என்று யாராவது சொன்னால் இதை ஞாபகப்படுத்துங்க.

அடுத்து பைப். ஒரு ப்ரோக்ராமின் அவுட்புட்டை இன்னொன்றின் இன்புட்டாகக் குழாய் மாதிரி இணைக்க வேண்டும் என்று டக் மெக்கில்ராய் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். 1972-73 வாக்கில் தாம்சன் அதைச் செய்து கொடுத்தார். ஒரு சின்ன உதாரணம் பாருங்க. ஒரு ஒர்க்ஷாப்பின் மூன்று நாள் வருகைப் பதிவு ஒரே ஃபைலில் இருக்கிறது, வரிக்கு ஒரு ரோல் நம்பர். மொத்தம் எத்தனை வெவ்வேறு பேர் வந்தார்கள்? சார்ட் போட்டு வரிசைப்படுத்தி, நடுவில் ஒரு செங்குத்துக் கோடு, யூனிக் போட்டு ஒன்று போல இருப்பதை நீக்கி, இன்னொரு கோடு, டபிள்யூசி போட்டு வரிகளை எண்ணினால் விடை வந்துவிடும். இந்த மூன்றில் எதற்கும் ஒர்க்ஷாப் என்றால் என்னவென்று தெரியாது. ஒவ்வொன்றும் ஒரு வேலையை மட்டும் செய்கிறது. வேண்டியபடி கோத்துக்கொள்வது உங்க பொறுப்பு.

அவர் மட்டுமே செய்த இரண்டு

இது வரை சொன்னதில் பாதி கூட்டு வேலை. ரிட்சியின் பெயரை மட்டும் போட்டுச் சொல்ல வேண்டியவை இரண்டு.

முதலாவது, ஒரு சிக்கலுக்கு அவர் கண்டுபிடித்த வழி. பாஸ்வேர்டு விவரம் இருக்கும் ஃபைலில் எல்லோரும் எழுத முடிந்தால் ஆபத்து. எழுதவே முடியாவிட்டால் உங்க பாஸ்வேர்டை நீங்களே மாற்ற முடியாது. என்ன செய்யலாம்? ஒரு ப்ரோக்ராமின் மேல் ஒரே ஒரு பிட் குறி வைத்தார். அந்தக் குறி இருந்தால், யார் ஓட்டினாலும் அந்த ப்ரோக்ராம் மட்டும் அதன் உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓடும். உங்களுக்கு அதிகாரம் வராது, ப்ரோக்ராமுக்கு மட்டும் வரும், அது முடிந்ததும் அதிகாரமும் போய்விடும். 1973இல் இதற்குக் காப்புரிமை கேட்டார்கள், 1979இல் கிடைத்தது. பிறகு அது எல்லோரும் பயன்படுத்தும்படி பொதுவில் விடப்பட்டது.

இரண்டாவது, சி. தாம்சன் செய்த பி என்ற சின்ன லாங்குவேஜில் டைப் என்ற கருத்தே இல்லை, எல்லாமே வேர்டுதான். பைட் பைட்டாக முகவரி உள்ள பிடிபி-11க்கு அது பொருந்தவில்லை. ரிட்சி 1971இல் தொடங்கி அதற்கு டைப்புகளைச் சேர்த்தார், புது கம்பைலர் எழுதினார். யூனிக்ஸ் கெர்னலை அதில் மாற்றி எழுத 1972இல் தாம்சன் முயன்று கைவிட்டார். ரிட்சி ஸ்ட்ரக்ட்டைச் சேர்த்த பிறகு 1973 கோடையில் அந்த வேலை முடிந்தது. அரை மார்க் கேள்வியாக நாம் பார்க்கும் ஸ்ட்ரக்ட் இல்லாமல் அன்று ஒரு கெர்னல் நகரவில்லை.

இதனால் என்ன மாறியது? அதுவரை ஓஎஸ் என்றால் அந்தந்த மெஷினின் அசெம்பிளியில் எழுதுவதுதான் வழக்கம். மெஷின் பழசானால் ஓஎஸ்ஸும் குப்பை. சியில் எழுதியதால் யூனிக்ஸை வேறு மெஷினுக்குத் தூக்கிக்கொண்டு போக முடிந்தது. நாம் கற்ற கமாண்டுகள் 50 வருஷத்துக்குப் பிறகும் செல்லுபடியாவதற்கு முக்கியக் காரணம் இது. 1978இல் பிரையன் கெர்னிகனோடு சேர்ந்து ரிட்சி எழுதிய சி புத்தகம் வந்தது. சின்னப் புத்தகம்தான், ஆனால் அதன் பிறகு வந்தவர்களுக்கு அதுதான் அளவுகோல்.

உலகம் முழுக்க

1974இல் தாம்சனும் ரிட்சியும் எழுதிய யூனிக்ஸ் கட்டுரை வெளியானதும் பல்கலைக்கழகங்கள் கேட்க ஆரம்பித்தன. பெல் லேப்ஸின் தாய் நிறுவனமான ஏடி அண்ட் டி, 1956இல் அரசோடு செய்த ஒப்பந்தத்தால் கம்ப்யூட்டர் வியாபாரத்தில் இறங்க முடியாத நிலையில் இருந்தது. அதனால் கல்லூரிகளுக்குக் குறைந்த கட்டணத்தில் சோர்ஸ் கோடோடு கிடைத்தது. பெர்க்லியில் மாணவர்கள் அதை வளர்த்தார்கள். அந்தக் கிளையின் ரத்தம் இன்றைய மேக்கிலும் ஐபோனிலும் ஓடுகிறது. 1991இல் ஃபின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ், நம்ம வயசுல, யூனிக்ஸின் கோடு ஒரு வரி இல்லாமல் அதன் வடிவத்தை மட்டும் பின்பற்றி லினக்ஸை சியில் எழுதினார். ஆண்ட்ராய்டு போனுக்குள்ளே இருப்பது அந்தக் கெர்னல். தமிழ்நாடு அரசு 2011இல் கொடுக்கத் தொடங்கிய இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. வீட்டில் அண்ணன், அக்கா வாங்கிய பழைய லேப்டாப் இருந்தால் அதில் டெர்மினலைத் திறந்து எல்எஸ் போட்டுப் பாருங்க.

குறை சொன்னவர்கள் இல்லையா? இருந்தார்கள், நியாயமான குறைதான். 1981இல் டொனால்ட் நார்மன் என்ற உளவியல் அறிஞர், கமாண்டுகளின் பெயர்கள் சாதாரண மனுஷனுக்குப் புரிவதில்லை, சிஸ்டம் வாயைத் திறப்பதில்லை, தவறினால் மன்னிப்பதில்லை என்று விரிவாக எழுதினார். புதுசா ஆர்எம் போட்டு ஃபைலைத் தொலைத்த யாரும் அதை மறுக்க மாட்டாங்க. 1994இல் யூனிக்ஸை வெறுப்பவர்கள் சேர்ந்து ஒரு முழுப் புத்தகமே போட்டார்கள். அந்தப் புத்தகத்துக்கு முன்னுரைக்கு எதிரான ஒரு முன்னுரை வேண்டும் என்று ரிட்சியிடம் கேட்டார்கள். அவரும் கோபப்படாமல் கிண்டலாக எழுதிக் கொடுத்தார். பக்ஸ் என்று தலைப்புப் போட்டுத் தன் குறையைத் தானே எழுதியவருக்கு அது கஷ்டமாக இருந்திருக்காது.

என் கருத்தைக் கேட்டால், நார்மன் சொன்னதும் சரி, ரிட்சி செய்ததும் சரி. டெர்மினல் உங்களைக் குழந்தை மாதிரி பார்க்காது. நீங்க கேட்டதைச் செய்யும், அவ்வளவுதான். அதனால் தட்டும் முன் யோசிக்கணும். ஆர்எம் போடும் முன் அதே பெயரை எல்எஸ் போட்டு எந்தெந்த ஃபைல் மாட்டுகிறது என்று பார்க்கணும். சிம்போசியத்தில் எடுத்த 600 போட்டோவின் பெயரை மாற்ற வேண்டுமா? முதலில் எக்கோ போட்டு என்ன நடக்கப்போகிறது என்று அச்சடித்துப் பார்க்கணும், பிறகு எம்வி. இந்த நிதானத்தை எந்தப் பட்டனும் கற்றுத்தராது. நாளைக்கு வேலைக்குப் போகிற இடத்தில் எங்கோ ஒரு டேட்டா சென்டரில் இருக்கும் சர்வருக்கு மவுஸும் இருக்காது, ரீசைக்கிள் பின்னும் இருக்காது. அங்கே நீங்களும் அந்தக் கமாண்டுகளும்தான்.

சத்தமில்லாத அக்டோபர்

விருதுகள் வந்தன. 1983இல் தாம்சனோடு ட்யூரிங் விருது. 1999இல் அமெரிக்க அதிபர் கிளின்டன் கையால் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம். நடுவில் பெல் லேப்ஸில் பிளான் 9, இன்ஃபெர்னோ என்ற புது ஓஎஸ்களை உருவாக்கிய குழுவுக்குத் துணையாக இருந்தார். 2007இல் ஓய்வு பெறும் வரை அவருக்கு பெல் லேப்ஸ்தான். கம்பெனி தொடங்கவில்லை. தன்னுடைய வலைப்பக்கத்தில் பழைய டேப்புகளிலிருந்து மீட்ட ஆரம்பகால சி கம்பைலர்களைப் போட்டு வைத்தார். இதில் யார் எதைச் செய்தார்கள் என்று எழுதும்போதெல்லாம் தாம்சன், மெக்கில்ராய், ஒசானா என்று மற்றவர்களின் பெயரைத் தவறாமல் சொன்னார். இந்தக் கட்டுரையில் நீங்க படித்த பாதிக் கதை நமக்குத் தெரிவதே அப்படித்தான்.

2011இல் ஜப்பான் பரிசு கிடைத்தது. உடல்நிலை சரியில்லாததால் அந்த மே மாதம் பரிசை பெல் லேப்ஸுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். ஐந்து மாதம் கழித்து, அக்டோபர் 12 அன்று, நியூஜெர்சியின் பெர்க்லி ஹைட்ஸில் தனியாக வாழ்ந்த வீட்டில் அவர் இறந்திருப்பது தெரியவந்தது. வயது 70. கூட வேலை பார்த்த ராப் பைக் எழுதித்தான் உலகத்துக்குத் தெரிந்தது.

ஒரு வாரம் முன்பு, அக்டோபர் 5 அன்று, ஸ்டீவ் ஜாப்ஸ் மறைந்திருந்தார். உலகம் முழுக்க அதே பேச்சு. ரிட்சியின் செய்தி அதற்கடியில் போய்விட்டது. இதைச் சொல்லி ஜாப்ஸைக் குறைத்துப் பேசுவது பலரின் வழக்கம், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவரவர் வேலை அவரவருக்கு. ஆனால் அன்று ஜாப்ஸுக்கு அஞ்சலி எழுதிய போன்களுக்குள்ளும், அதைச் சுமந்த சர்வர்களுக்குள்ளும், ரிட்சியின் சி ஓடிக்கொண்டிருந்தது. வேலை சரியாக நடந்துகொண்டிருந்ததால் அது எதுவும் சொல்லவில்லை. அடுத்த மாதம் வெளியான ஃபெடோரா 16 லினக்ஸ் அவருடைய நினைவுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

அந்த பைண்டிங் செய்யாத தீசிஸ்? அவர் இறந்த பிறகு குடும்பத்தார் வழியாக ஒரு பிரதி கிடைத்தது. 2020இல் கலிபோர்னியாவின் கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியம் அதை எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டது. 52 வருஷம் தாமதமாக ஒரு சப்மிஷன். இதைப் படித்துவிட்டு உங்க ரிப்போர்ட்டைக் கொடுக்காம இருந்துடாதீங்க! ஆனா பிளேஸ்மென்ட் சீசனில் சான்றிதழ்களை அடுக்கும்போது, அந்த அடுக்கில் இல்லாத ஒரு தாளுக்கு எதிரில் அவர் என்ன வைத்துவிட்டுப் போனார் என்று கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒரு வேலை. லினக்ஸ் டெர்மினலைத் திறங்க. யூஎஸ்ஆருக்குள் பின், அதற்குள் பாஸ்வேர்டு மாற்றும் ப்ரோக்ராம் இருக்கும். அதை எல்எஸ்ஸோடு எல் ஆப்ஷன் சேர்த்துப் பாருங்க. அனுமதிகள் வரிசையில் ஆர், டபிள்யூ வந்த பிறகு எக்ஸ் வர வேண்டிய இடத்தில் ஒரு எஸ் இருக்கும். அவர் காப்புரிமை வாங்கிய அந்த ஒற்றை பிட் அதுதான். நீங்க பாஸ்வேர்டு மாற்றும் ஒவ்வொரு தடவையும் அது வேலை செய்கிறது, சத்தம் போடாமல்.